குறை யாருக்கு?

அக்காவின் கணவருக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, தலைக்கு மேலே ஒருத்தர் நின்று வேலை வாங்குவது அடியோடு ஆகாது. அதனால்தான் சொந்தமாக ஒரு ஷெட் போட்டு வண்டிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வந்து, "கார்புரேட்டர்ல அடைப்புன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தால், "அப்ப நீங்களே கழட்டிக்கங்க" என்று ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிடுவார். தெருவில் அவருக்கு ஸ்பேனர் என்றே பேர். அப்படிப்பட்ட மனிதர் ஷெட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பஸ் கம்பெனியின் பணிமனையில், தன்னைவிடச் சின்னவனான சூப்பர்வைசருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தபோது தெருவே வாயைப் பிளந்தது. ஏன் என்பது அவருக்கும் அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

காப்பீட்டுக்காகத்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. சோதனைக்குழாய் முறைதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெட்டை விற்றால் ஒரு முறைக்குக் காணும். ஒரே முறையில் பலிக்கும் என்று டாக்டரே சொல்லவில்லை. சாதாரண மருத்துவக் காப்பீடு கால் உடைந்தால் கொடுக்கும், சிறுநீரகத்தில் கல் அடைத்தால் கொடுக்கும், இதற்கு மட்டும் கையை விரித்துவிடும். குழந்தை இல்லாதது நோய் இல்லையாம். அந்த பஸ் கம்பெனி தன் ஊழியர்களுக்கு இதையும் சேர்த்து எடுத்திருந்தது. ஆனால் ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஒரு வருஷத்தை மாமா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான், விசிலடிப்பான். மாமா போவார். பஸ் இன்ஜினைப் பற்றி அவன் தப்புத் தப்பாகப் பாடம் எடுப்பான். மாமா "சரி சார்" என்பார்.

எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை. ஏனென்றால் குறை அவருக்குத்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் வந்தாலும் முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைப்பார். அக்கா விஷயத்தில் மட்டும் மாத்திரை, ஊசி, ஸ்கேன், கடைசியில் வயிற்றில் துளை போட்டுப் பார்ப்பதுவரை எல்லாவற்றையும் அவளையே தாங்கவிட்டார். தன் பரிசோதனை என்றால் "ஷெட்ல வேலை கெடக்கு". டாக்டர் திட்டிய பிறகு போய்ச் சாம்பிள் கொடுத்தார். விந்தணுக்கள் மிகமிகக் குறைவு என்று வந்தது. "வெளியில சொல்லாதடி, அவர் உடைஞ்சு போயிடுவார்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகும் அவருடைய அம்மா போனில் அக்காவைக் குத்திக்காட்டுவதும், அவள் வாயைத் திறக்காமல் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நடந்தது. மாமா சரியாக அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுவார்.

வருஷம் முடிந்ததும், எல்லா ரிப்போர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு பணிமனை அலுவலகத்துக்குப் போனார். காப்பீட்டு கவுன்ட்டரும் விடுப்பு கவுன்ட்டரும் ஒன்றுதான். பின்னால் அவரோடு வேலை பார்ப்பவர்கள் வரிசையில் நின்றார்கள். அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்: "குறை யாருக்கு?"

"வீட்டுல, அவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார் மாமா. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

"அப்படின்னா கிடையாதுங்க. ஊழியருக்குக் குறை இருந்தாத்தான் இந்தச் சிகிச்சைக்குத் தருவாங்க. மனைவிக்குன்னா வராது."

பையைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டார். நடந்ததை அக்காவிடம் அவரேதான் சொன்னார். அவள் கத்தவில்லை, அழவில்லை. "ரிப்போர்ட் கையில இருந்துச்சே" என்றாள். பிறகு நாலு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கு மட்டும் போன் செய்து, "போதும்டி, எனக்கு எதுவும் வேணாம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் மாமா மறுபடி வரிசையில் நின்றார். அதிகாரி அவரை மறக்கவில்லை.

"போன வாரம் மனைவிக்குன்னீங்க. இப்ப உங்களுக்கு எப்படி மாறுச்சு?"

"மாறல சார். அப்பவும் எனக்குத்தான்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்னாடி ஆளுங்க நின்னாங்க."

"இப்பவும் நிக்கிறாங்களே."

"நிக்கட்டும் சார்."

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதிகாரி முத்திரை குத்தினார். யாரும் சிரிக்கவில்லை என்று மாமா சொன்னார். சிரித்திருந்தாலும் எங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் அக்கா வீட்டில் இருந்தேன். அவர் அம்மாவின் போன் வந்தது. மாமா எழுந்து போகவில்லை. அக்கா கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ட்ரீட்மென்ட்டுக்குக் கம்பெனியில பணம் தர்றாங்க."

"பரவாயில்லையே. அவளுக்குப் போய் அவ்வளவு செலவு பண்றாங்களா?"

"அவளுக்கு இல்லம்மா, எனக்கு. குறை எனக்குத்தான்."

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "பணம் வாங்குறதுக்காக அப்படிச் சொல்லச் சொன்னாளா?"

நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பணம் வரலைன்னாலும் எனக்குத்தாம்மா குறை" என்றார் மாமா. "அவளுக்கு ஒண்ணுமில்ல. உங்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீ திட்டின அத்தனையும் எனக்கு வர வேண்டியது, அவ வாங்கிக்கிட்டா."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். இவ்வளவு ஊசிக்கும் கலங்காத அக்கா, மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, சத்தம் போட்டு அழுதாள். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அவ அழட்டும், நீங்க இங்கயே உட்காருங்க என்றேன்.