அக்கரைப் பிள்ளைகள்

திருவள்ளூரிலிருந்து பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துப் பள்ளிக்கு அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. தலைமை ஆசிரியரும் அவர்தான், ஒரே ஆசிரியரும் அவர்தான். நேரத்துக்கு வருவது அவருக்குப் படிப்பில் பாதி. அங்கே அக்கரைப் பிள்ளைகள் அவர் உயிரை வாங்கினார்கள்.

ஏரியின் ஒரு கிளையைத் தாண்டி வருகிறவர்கள் அவர்கள். சில நாள் மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். சில நாள் முதல் பாடம் முடிந்தபின் துணி நனைய வந்து சேருவார்கள். என் பக்கத்தில் உட்காரும் செங்கேணியும் அக்கரைதான். கணக்கில் கெட்டிக்காரி. அவள் வராத காலைகளில் என் கணக்குகளுக்கு நாதியில்லை.

மணிச் சத்தம் எட்டவில்லை என்று அப்பா முதலில் முடிவு கட்டினார். சொந்தச் செலவில் பெரிய மணி வந்தது. ஊர் நாய்களெல்லாம் எழுந்து குரைத்தன, பிள்ளைகள் வரவில்லை. அடுத்து, முன்னதாக வருகிறவர்களுக்குக் கடலைமிட்டாய் என்றார். அது ஒரு வாரம் அமோகமாக வேலை செய்தது. அம்மாவிடம் அவர் பெருமையடித்து முடிப்பதற்குள் மறுபடியும் ஈரப் பாவாடைகள். மிட்டாயைத் தின்றுவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அவருக்கு மனம் விட்டுப்போயிற்று. செங்கேணியை எழுப்பி, நாளைக்கும் இப்படித்தான் வருவாயா என்று கேட்டார்.

“ஆமா சார். நாளிக்கி இன்னும் லேட்டாவும்.”

அவள் பணிவாகத்தான் சொன்னாள். அப்பாவுக்கு அது திமிராகப் பட்டது. மறுநாளிலிருந்து மணி அடித்ததும் கதவுக்குத் தாழ் போட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்று அவளும் எங்களோடு வாய்ப்பாடு சொன்னது எனக்குக் கேட்டது. சில நாள் கழித்து அந்தக் குரலும் இல்லை. அக்கரையிலிருந்து ஒருவருமே வரவில்லை.

அப்பா கல்நெஞ்சக்காரர் அல்ல. கையோடு அழைத்து வருவோம் என்று ஒரு காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கரையில் தண்ணீர் ததும்பி நின்றது. படகுகள் எல்லாம் மீனுக்குப் போயிருந்தன. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கியவர், மார்பளவு வந்ததும் திரும்பிவிட்டார். எங்கள் ஊரில் ஏரி மழைக்கு நிரம்பும், கோடையில் வற்றும். கடலோடு சேர்ந்து ஒரே நாளில் ஏறி இறங்கும் ஏரியை அப்பா அன்றைக்குத்தான் பார்த்தார்.

வெயில் ஏறத் தண்ணீர் வடிந்தது. முழங்கால் நனைய, கூடையோடு செங்கேணியின் அம்மா நடந்து வந்தாள். தண்ணீர்தான் காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்பா கேட்டார்.

“தண்ணி ஏர்ற நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போவும். வடிஞ்சாதான் புள்ளைங்க நடக்கும். இது உங்களுக்குத் தெரியாதா சார்?”

அதில் கேலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. செங்கேணி எங்கே என்று அப்பா கேட்டார்.

“கதவாண்டயே எத்தினி நாளு நின்னுகினு இருப்பா சார்? எண்ணூர்ல அவ அத்த ஊட்டுக்கு அனுப்பிட்டோம், கைக்கொழந்தயப் பாத்துக்க.”

அதன்பின் அப்பா கதவுக்குத் தாழ் போட்டதே இல்லை. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். செங்கேணி மட்டும் வரவில்லை.

அன்றைக்கு அவள் அம்மா போனபின்பும் அப்பா கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வேட்டி நனைந்துவிட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அவர் தோளைத் தொட்டு, வெயிலில் காய்ந்துவிடும் அப்பா என்றேன்.