பதினேழு படி

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு. அவற்றைப் பழைய ஜமக்காளத்தில் வைத்துச் சுருட்டி, முனைகளை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, குர்ஷித் பேகம் பின்பக்கமாகவே படி இறங்குகிறார். ஒவ்வொரு படிக்கும் மூட்டைகள் தொப்தொப்பென்று விழுகின்றன. மொத்தம் பதினேழு படி. போன வாரம் இரண்டே கால் நிமிடம் ஆனது. இன்று ஒன்றே முக்கால்.

மேலே கட்டிலிலிருந்து அவர் கணவர் ஜானி பாஷாவின் குரல் வருகிறது. "மெதுவா இழு குர்ஷித், மூட்டைக்கு இடுப்பு உடைஞ்சிடப் போவுது."

"நீங்க வந்து இதுல படுங்களேன். மூட்டைக்காச்சும் ரெஸ்ட் கெடைக்கும்."

"எனக்கு அவசரமில்ல. நாலு பேரு தோள்ல ஏறி ஜம்முனு எறங்குவேன்."

"வாயை மூடுங்க."

வீட்டில் அவர்கள் பேசுவது உருது. சண்டைக்கு மட்டும்தான் தமிழ். இந்த ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் தமிழ் ஜாஸ்தியாகிவிட்டது.

கீழே ஆறடி அகலத்தில் குர்ஷித் பேகத்தின் வளையல் கடை. தேரடித் தெருவிலிருந்து பிரியும் சந்தில், பூசைச் சாமான் கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பெண்ணின் கையைத் தொட்டதுமே "ரெண்டு ஆறு" என்று அளவு சொல்லிவிடுவார். "கையைத் தளர்வா வுடும்மா. நான் ஒண்ணும் கழட்டி வெச்சிக்க மாட்டேன்" என்று சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு டஜனை ஏற்றிவிடுவார். வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கீறிவிட்டது என்று ஒருத்தியும் அவரிடம் திரும்பி வந்ததில்லை.

ஜானி பாஷா லாரிக்குப் பாடி கட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கழிப்பறை மாடியில்தான் இருக்கிறது, அதனால் அவரும் மாடியில். படிக்கட்டு கடையின் பின்சுவரை ஒட்டி ஏறுகிறது. அந்த மாடிக்கு மேல், கிரிவலம் வரும் பௌர்ணமிக் கூட்டத்துக்கு வாடகைக்கு விடவென்று வீட்டுக்காரர் இரண்டு அறைகள் எழுப்பியிருக்கிறார். அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றையும் தாங்குவது கீழே இருக்கும் பழைய கல் சுவர். கொத்தனார் இருசப்பன் ஒருமுறை அதை விரலால் தட்டிப் பார்த்தார். "பில்லரே இல்லம்மா. ஆடாத வரைக்கும் நிக்கும்" என்றார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பத்தரை மணிக்கு அது ஆடியது.

முதலில் வளையல்கள்தான் சொல்லின. கம்பிகளில் கோத்திருந்த அத்தனையும் ஒரே சமயத்தில் கலகலத்தன. தேர் போகும்போதும் அப்படித்தான் கலகலக்கும். ஆனால் அன்று தேர் இல்லை. காலுக்கடியில் யாரோ கட்டிலை இழுப்பது போல ஓர் இழுப்பு. அவ்வளவுதான், சில விநாடிகள். சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது. குவாரியில் வெடி வைத்தார்கள் என்றான் ஒருவன். டிரான்ஸ்பார்மர் போச்சு என்றான் இன்னொருவன். வளையல் ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணின் கையை விடாமல் பிடித்தபடி குர்ஷித் பேகமும் தெருவில் நின்று அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

எதிர்க்கடை மணிவேல்தான் கேட்டான். "பாயம்மா, பாய் எங்க?"

அதற்குள் நாலு நிமிடம் ஆகியிருந்தது. நாலு நிமிடமும் அவருக்குக் கணவர் என்று ஒருவர் இருப்பதே நினைவில் இல்லை. சுவரில் ஒரு விரிசல், கீழே கொஞ்சம் காரை, வேறு சேதமில்லை. மேலே ஜானி பாஷா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, வலக்கையால் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். "எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். பிறகு தேநீர் கேட்டார். அதைப் பற்றி இன்றுவரை வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை.

திட்டியிருந்தால் குர்ஷித் பேகம் தூங்கியிருப்பார்.

இப்போது லாரி போனாலும் அவர் கை நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடினாலும் கம்பிகளைப் பார்க்கிறார். மணிவேல் ஆறுதல் சொல்கிறான். "இது நெருப்பா நின்ன மலை பாயம்மா. எப்பவோ குளுந்துடிச்சு. நமக்கு ஒண்ணும் ஆவாது."

"மேல குளுந்துச்சு மணி. அடியில குளுந்துச்சான்னு யாரு பாத்தா?"

ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஜப்பான்காரி ஒருத்தி ஒருநாள் வளையல் வாங்க வந்தாள். நிலநடுக்கம் என்றதும் அவளே கடை நடுவில் குந்தி உட்கார்ந்து, தலையைக் கைகளால் மூடி, மேசைக்கடியில் போகவேண்டும் என்று நடித்துக் காட்டினாள். பிறகு விரலை ஆட்டி, தெரிந்த தமிழில் சொன்னாள்: "ஓட வேணாம். ஓட வேணாம்." அவள் தன் ஊரில் படித்த பாடத்தைத்தான் சொன்னாள். குர்ஷித் பேகத்துக்கு அது, அன்று தான் ஓடியதைப் பார்த்தவள் சொன்னது போல இருந்தது. அன்று ஒரு டஜன் வளையலில் இரண்டை உடைத்துவிட்டார்.

மறுநாள்தான் மூட்டை இழுக்கத் தொடங்கினார். கணவரின் எடை அறுபத்திரண்டு கிலோ. ஐம்பதில் ஆரம்பித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. கைகளைப் பழக்கிவிடலாம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. கால்களைப் பற்றித்தான் பயம்.

போன செவ்வாய்க்கிழமை வளையல்கள் மறுபடி கலகலத்தன. கம்பிகள் நடுங்கின, தரை நடுங்கியது. அவருக்கு நினைவு வந்தபோது, செருப்பில்லாமல் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சந்து முனையில் ரோடு ரோலர் ஒன்று புதுத் தாரை மிதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

மேலே சன்னலில் ஜானி பாஷாவின் முகம் தெரிந்தது. அவருக்கு ரோலர் தெரியவில்லை. வலக்கையை வெளியே நீட்டி, போ போ என்று வீசிக் கத்தினார். "அங்க நிக்காதே குர்ஷித்! செவுரு சாஞ்சா உன் மேலதான் வுழும். இன்னும் தள்ளிப் போ! மணிவேல் கடைப் பக்கம் போ!"

"பாய், ரோடு போடுறாங்க பாய்!" என்றான் மணிவேல்.

குர்ஷித் பேகம் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். சுவரோரமாகக் கிடந்த, கண்ணாடி பதித்த மேசையை இழுக்க ஆரம்பித்தார். கனமான தேக்கு மேசை. மணிவேல் வந்து வெளியிலிருந்து கை கொடுத்தான். இருவருமாக அதைக் கடை வாசலின் குறுக்கே, ஓரத்துக்கு ஓரம் இடைவெளி இல்லாமல் நிறுத்தினார்கள். வாங்குகிறவர்கள் இனி தெருவில் நின்றே கையை நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் ஓடுவதென்றால் பின்பக்கம் மட்டும்தான், படிக்கட்டுக்கு. ஜமக்காளத்தை இழுத்துக்கொண்டு வெளியேற, மேசைக்கடியில் தவழ்ந்துதான் போகவேண்டும்.

"இன்னா பாயம்மா, வழியையே அடைச்சிட்டீங்க? நாளைக்கு நெசமாவே ஆடுச்சுன்னா எப்படி வெளிய ஓடி வருவீங்க?"

அவர் மேசையின் வெளிக்காலுக்கு ஒரு கல்லை அண்டை கொடுக்கச் சொன்னார். பிறகு உள்ளிருந்து இரண்டடி பின்வாங்கி, தன் முழு எடையோடு வந்து இடுப்பால் மேசையை முட்டினார். அது ஒரு விரற்கடை அசைந்தது.

"இன்னொரு கல்லு வெய்யி, மணி."