ஜன்னலோர மேசைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது

இந்தத் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம், எங்கும் போகாமலேயே எல்லோருக்கும் வழி சொல்லலாம். டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் ஒரு சின்ன டிராவல் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஐரோப்பா ரோட் ட்ரிப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. காரை எங்கே எடுப்பது, எங்கே நிறுத்துவது, எதைச் சாப்பிடுவது, எந்த ஊரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது, எல்லாம் நான் சொல்வேன். நான் ஐரோப்பாவைப் பார்த்ததில்லை. எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் ஆண்டுக்கணக்காகக் கிடப்பில் இருக்கிறது. பயண அனுமதி பேப்பர் கைக்கு வராமல் இந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பமே போய்விடும். பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் நிலைமை புரியும்.

ரைஸ் குக்கருக்கு ஒரு நாள் லீவு

நம் ஆட்கள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் டிக்கியில் ரைஸ் குக்கர் இருக்கும். ஃப்ரீமான்ட்டிலிருந்து போன இளங்கோ குடும்பம் வெனிஸ் ஓட்டலில் குக்கரைச் செருகி அந்த மாடி முழுவதையும் இருட்டாக்கியது. இந்தக் குக்கர் பழக்கம் தெரிந்துதான் நான் எல்லோரிடமும் கிளம்பும் முன்பே ஒரே ஒரு கண்டிஷன் போடுவேன். ஆஸ்திரியாவில் ஒரு மலைக் கிராமத்து விடுதியில், ஒரு மத்தியானம் மட்டும், குக்கரைத் தொடாமல் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும்.

ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு பெரியவர் மூலையில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசிப்பார். இதெல்லாம் இன்டர்நெட்டில் பார்த்ததுதான். அந்தப் படத்தில் ஒரு ஜன்னலோர மேசை உண்டு. தினமும் மத்தியானம் ஆபீஸில் டப்பாவைத் திறக்கும்போது, அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சாப்பிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஆசை என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்த இளங்கோ, சாப்பாட்டைப் பற்றி வாய் ஓயாமல் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் சொன்னார். "மேடம், அந்த ஓனரம்மா எங்களைப் பாத்ததும், 'உங்க ஊர்ப் பொண்ணு இப்பதான் சாப்ட்டுப் போனா, அந்த ஜன்னல் டேபிள்ல'ன்னாங்க. எங்க வீக்லயே வேற யாரையும் அனுப்பிருந்தீங்களா என்ன?"

நான் யாரையும் அனுப்பியிருக்கவில்லை.

பாட்டே இல்லாத மெட்டு

சன்னிவேலில் இருக்கும் கார்த்திக் தனியாள். ஊர் ஊராகப் போய்த் தெருப் பாட்டுக்காரர்களை ஃபோனில் ரெக்கார்ட் பண்ணுவதுதான் அவன் ரோட் ட்ரிப். அந்த விடுதியில் எடுத்ததை எனக்கு அனுப்பி, "அக்கா, இத ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, செமையா இருக்கு" என்று எழுதியிருந்தான். அக்கார்டியன் மெதுவாக ஆரம்பித்தது. இரண்டாவது வரி வந்தபோது என் கை டீ கப்பைக் கீழே வைத்துவிட்டது.

அது என் மெட்டு. எந்தப் பாட்டிலும் கிடையாது. என் மகள் நிலா கைக்குழந்தையாக இருந்தபோது, அவளைத் தூங்க வைக்க நானே முனகி முனகி உண்டாக்கியது. நடுவில் எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விடுவேன். பெரியவரும் அதே இடத்தில் இடைவெளி விட்டார். அவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கார்த்திக்கிடம் கேட்டேன். "ஜன்னல் பக்கம் உக்கார்ற லேடியாம் அக்கா" என்றான். சிரித்துச் சமாளித்தேன், சிரிப்பு சரியாக வரவில்லை.

பக்கத்து மேசை ஜெயந்தி ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். கடைசியில், பெரியவர் வாசிப்பை நிறுத்திய பிறகும், தூரத்தில் யாரோ ஒரு பெண் முனகுவது கேட்டது. ஜெயந்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏய் மாலதி, இது நீ டைப் பண்ணும்போது முனகுறதுதானே? நீ எப்படி இதுக்குள்ள போனே?"

எடிசன் ஆன்ட்டி பார்த்தது

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு அங்கிளும் ஆன்ட்டியும். ரிடையரானவர்கள். ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்ததே கிடையாது, எல்லாம் ஃபோன் பேச்சுதான். ஊர் திரும்பியதும் கூப்பிட்டு உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

"ஏம்மா, அங்க வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? குரலைக் கேட்டதுமே கண்டுபிடிச்சிட்டேன். அந்தக் கொழுக்கட்டை மேல பருப்புப் பொடி தூவிச் சாப்பிடுறியே, என்னம்மா காம்பினேஷன் அது!"

என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பருப்புப் பொடி இருக்கும். எதைச் சாப்பிட்டாலும் மேலே தூவுவேன், ஜெயந்திக்கே இதில் அருவருப்பு. ஆன்ட்டியிடம் இதைச் சொன்னதே இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. நான் இங்கே ஆறிப்போன தயிர்சாதத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது அவள் எப்படி அங்கே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம்? எந்தக் கவலையும் இல்லாமல் பாட்டு வேறு கேட்கிறாள்.

"அந்தப் பொண்ணு என்ன பேசினா ஆன்ட்டி?" என்று கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று ஆன்ட்டி நினைத்துக்கொண்டார். "என்னையே கேக்கிறியா? நல்லாத்தான் பேசிட்டிருந்தே. 'வீட்டுக்கு எப்பம்மா திரும்புறே, பொண்ணு தேடுவாளே'ன்னேன். உடனே முகம் வாடிப்போச்சு. 'நிலாவ விட்டுட்டு இருக்கவே முடியல. ஆனா பேப்பர் வரல ஆன்ட்டி, போக முடியாது'ன்னே."

பேப்பர் வந்தது

போன மாதம் என் பயண அனுமதி வந்தது. கணவருக்கு இன்னும் வரவில்லை. "எனக்கு எப்ப வருதோ, நீயாவது போய்ட்டு வா, நிலாவ நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். ஐரோப்பா விசாவும் கிடைத்தது. இத்தனை வருடம் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு, என் மகளை நினைத்து முகம் வாடினவள் யார் என்று தெரியாமல் எப்படி இருப்பது என்றும் தோன்றியது.

நேற்றுக் காலையில் ஆபீஸுக்கு வந்ததும் விடுதிக்கு ஃபோன் போட்டேன். அங்கே மத்தியானம். ஓனரம்மாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். பின்னால் தட்டுச் சத்தம், அக்கார்டியன் சத்தம். என் பெயரைச் சொல்லி, ஜன்னலோர மேசை ஒருவருக்கு வேண்டும் என்றேன். அந்த அம்மா பதிவுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தார். "மாலதி, என்ன வேடிக்கை இது? நீ அங்கேதானே உட்கார்ந்திருக்கிறாய்! ஓ, இல்லை, அவள் கையில் ஃபோன் இல்லையே. அவளிடம் கொடுக்கட்டுமா?"

வேண்டாம் என்பதா, சரி என்பதா என்று யோசித்தேன். அந்த அம்மா காத்திருந்த நேரத்தில் அக்கார்டியன் நின்றது. முனகல் மட்டும் நிற்காமல் ஃபோனை நோக்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டும் இடத்தில் அது நின்றபோது ஃபோனை வைத்துவிட்டேன்.

சாயந்தரம் பெட்டி அடுக்கும்போது நிலா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கதையும் அவளுக்குத் தெரியும், ஜெயந்தி சொல்லியிருந்தாள். இரண்டாவது பொடி டப்பாவை நான் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள். "ஒரு பேப்பர்தானே இருக்கு? ஸோ விச் ஒன் இஸ் கமிங் ஹோம், அம்மா?"

மேசையை இரண்டு பேருக்கு என்று ஆன்லைனில் பதிவு செய்துவிட்டேன், சாப்பாட்டையும் பாட்டையும் அங்கே உட்கார்ந்திருப்பவளோடு பங்கு போட்டுக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அந்தப் பேப்பரை மட்டும் கைப்பையில் வைக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.