வாயைப் பொத்திப் பேசிய நாட்கள்

"காலைலேர்ந்து பாப்பாகிட்ட என்னங்க பேசுனீங்க?" என்று டீச்சரம்மா கேட்ட அந்த முதல் நாள் என் கை துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே காது கேளாத என் மகளுக்கு மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் கருவி வைத்திருந்தார்கள். பேச்சுப் பயிற்சிக்காகப் பொம்மிடியிலிருந்து தருமபுரிக்கு அழைத்துப் போயிருந்தேன். யோசித்துப் பார்த்தேன். அன்று ஒன்றுமே பேசியிருக்கவில்லை. மனைவியிடமும்தான்.

"கருவி சத்தத்தத்தாங்க குடுக்கும். வார்த்தைய நீங்கதான் குடுக்கணும். செய்யற வேலையெல்லாம் சொல்லிக்கிட்டே செய்யுங்க. இந்த வயசு போனா அப்பறம் ரொம்பக் கஷ்டம்," என்றார். உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்டுப் பழக, வாயை மறைத்துப் பேசவும் சொன்னார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எனக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னது பக்கத்துப் பையன்தான். மறுநாள் தக்காளித் தோட்டத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா தக்காளி பறிக்கறேன். இது காயி. இது பழம். இது புழு," என்று ஆரம்பித்தேன். பெரிய மனிதர்கள் முன்னால்தான் எங்கள் ஊரில் அப்படி வாய்பொத்தி நிற்பார்கள். பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வரப்பிலேயே நின்றுவிட்டார். "ஏன்டா, பெத்த புள்ளைக்கே இவ்ளோ மரியாதயா? நாளைக்கி மருமவன் வந்தா கால்ல வுழுவியா?" பஸ்ஸிலும் விடவில்லை. "இவரு கண்டக்டரு. மீசை வெச்சிருக்காரு," என்றேன். "தெரியுங்க," என்றார் கண்டக்டர்.

ஏழு மாதம் ஒரு வார்த்தை வரவில்லை. வாயாடியான அப்பன் கிடைத்திருந்தால் இதற்குள் பேசியிருப்பாளோ என்று தோட்டத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பிறகு ஒரு நாள் டீச்சரம்மா தக்காளிப் படத்தைக் காட்ட, மகள் கவுன் நுனியைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா, பழம்," என்றாள். பேச்சென்றால் வாயைப் பொத்தியாக வேண்டும் என்றே நினைத்துவிட்டாள்!

டீச்சரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பயிற்சி நேரத்துல கொஞ்சந்தானுங்க மறைக்கச் சொன்னேன். நாள் பூராவா பொத்துனீங்க?" வெட்கத்தில் என் கை மறுபடி வாய்க்குத்தான் போனது.

இப்போது அவள் நான்காவது படிக்கிறாள். பெரியப்பாவையே எதிர்த்துப் பேசுகிறாள். நிறுத்தத் தெரியாமல் போனது எனக்குத்தான். நேற்று சாயங்காலம் தக்காளியில் இலை ஏன் சுருளுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கருவியின் வெளி வில்லை காதுக்கு மேலே காந்தத்தில் ஒட்டியிருக்கும்; எடுத்தால் ஒன்றும் கேட்காது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "போதும்ப்பா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே அதைத் தலையில் ஒட்டிக்கொண்டு, "ம், சொல்லு," என்றாள்.