லவீனா ரீச்சரும் எட்டாம் கேள்வியும்

லவீனா ரீச்சர் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு சின்னப் பாடசாலையில் நான்காம் தரத்துக்குப் படிப்பிக்கிறார். வயது நாற்பத்துநான்கு. முதல் நியமனம் வன்னியில் கிடைத்தது. ஒன்பது வருடம் அங்கே இருந்துவிட்டுத்தான் ஊருக்கு மாற்றம் எடுத்து வந்தார். ஞாயிறு காலையில் மெதடிஸ்த தேவாலயத்தில் பாட்டுக்குழுவோடு நிற்பார். மற்ற ஆறு நாளும் பிள்ளைகளின் கொப்பிகளோடுதான்.

சொல் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் அவர் கடுமையானவர். வெயிலில் வைத்த தட்டிலிருந்து நீர் 'ஆவியாகியது' என்று எழுதாமல் 'மறைந்தது' என்று எழுதினால் சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவார். "தண்ணி என்ன, வாத்தியாருக்குப் பயந்து ஒளிச்சதோ?" என்று கேட்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் போன வருடம் இரண்டாம் தவணையில் இந்தச் சிக்கல் வந்தது.

தவணைப் பரீட்சை வினாத்தாள் சுற்றுவட்டாரப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் பொது. விடைத்தாள்களை மாற்றிக் கொடுத்து, ஒரு பாடசாலையின் தாள்களை வேறு பாடசாலை ஆசிரியர்கள் திருத்துவார்கள். எந்தக் கேள்விக்கு என்ன விடை, எத்தனை புள்ளி என்று அச்சடித்த புள்ளித்திட்டம் ஒன்று அவர்கள் கையில் இருக்கும். சுற்றாடல் பாடத்தில் எட்டாம் கேள்வி இது: 'யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு நீர் எங்கிருந்து கிடைக்கிறது?' திட்டத்தில் இருந்த விடை, 'நிலத்தடி நீர்.' இரண்டு புள்ளி.

திருத்திய தாள்கள் திரும்பி வந்தபோது லவீனா ரீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தனுஷிகா என்ற பிள்ளையின் தாளில் எட்டாம் கேள்விக்கு நேரே பெரிய பிழை அடையாளம், பக்கத்தில் பூச்சியம். பிள்ளை எழுதியிருந்தது: 'மழையிலிருந்து. மாரி மழை நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும்.'

ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதிரையிலிருந்து எழும்பி ஜன்னலடியில் போய் நின்றார். ஆறு இல்லாத ஊர். கிணற்றுக்கு வருகிற ஒவ்வொரு சொட்டும் மழைதான். கேட்ட கேள்விக்குப் பிள்ளை சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. திட்டத்தில் இருப்பதுதான் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை.

இரண்டு புள்ளிதானே என்று விட்டிருக்கலாம். அடுத்த நாள் தனுஷிகாவின் தாய் அனுஜா வந்திராவிட்டால் ஒருவேளை விட்டிருப்பார். அனுஜா சண்டைக்கு வரவில்லை. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"ரீச்சர், புள்ளிக்காக வரேல்லை. இவளின்ரை தகப்பன் கிணறு இறைச்சுத் துப்புரவாக்கிறவர். அவர்தான் இவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்தவர். இப்ப பிள்ளை, அப்பா பொய் சொல்லிப்போட்டார் எண்டு அவரோடை கதைக்குதில்லை. எது சரியெண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

"தகப்பன் சொன்னதுதான் சரி," என்றார் லவீனா ரீச்சர்.

"அப்ப ஏன் ரீச்சர் பிழை போட்டிருக்கு?"

ரீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ எழுதினது சரி" என்று சொன்னார். பிள்ளை தாளைப் பார்த்தது, ரீச்சரின் முகத்தைப் பார்த்தது. "பேப்பரிலை பிழையெண்டு கிடக்கு," என்றது.

அன்று பின்னேரமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆசிரிய ஆலோசகர் சோமசேகரம் சேரிடம் போனார். வினாத்தாளுக்கும் புள்ளித்திட்டத்துக்கும் பொறுப்பானவர் அவர். நல்ல மனிசன், ரீச்சர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், நிலத்தடி நீர் எண்டது கிணத்துக்குள்ளை நிக்கிற தண்ணியின்ரை பேர். எங்கையிருந்து வந்தது எண்டு கேட்டால், பேரைச் சொல்லுறது விடையோ?"

சோமசேகரம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் சொல்லுறது சரிதான் ரீச்சர்."

"அப்ப மாத்துங்கோவன்."

"எல்லாத் தாளும் திருத்தி முடிஞ்சுது. ஒரு பிள்ளைக்கு மாத்தினால் எல்லாருக்கும் மாத்தவேணும். திட்டத்திலை இல்லாததுக்குப் புள்ளி போட்டால் ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிப் போடத் துவங்கியிடுவினம். அதுக்குத்தானே திட்டம் எண்டு ஒண்டு வைச்சிருக்கிறம்."

"சரியான விடைக்குப் பூச்சியம் போடுறதுக்கோ?"

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "அடுத்த தவணை சுற்றாடல் வினாத்தாளை நீங்களே செய்து தாருங்கோவன்," என்றார். வாயை மூடப்பண்ணத்தான் அப்படிச் சொன்னார் என்று ரீச்சருக்கு விளங்கியது. ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று கிழமை அந்தப் புது வினாத்தாளோடு கிடந்தார். கணவர் ஜெபசீலன் சாவகச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவர் வந்து சாப்பிட இருந்தால், "இந்தக் கேள்வியை வாசிச்சு உங்களுக்கு என்ன விளங்குதெண்டு சொல்லுங்கோ," என்று ரீச்சர் தாளை நீட்டுவார். ஒரு கேள்வி ரீச்சருக்கே மிகவும் பிடித்திருந்தது: 'குளிர்ந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளிகள் தோன்றுவது ஏன்?' புள்ளித்திட்டத்தில் அதற்கு விடை, 'வளியிலுள்ள நீராவி குளிர்ந்து நீராக ஒடுங்குவதால்.' அதன் கீழே, 'இதே கருத்துள்ள ஏனைய விடைகளுக்கும் புள்ளி வழங்குக' என்று கவனமாக எழுதினார்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் குழம்பியது.

பரீட்சையில் பிள்ளைகளில் பாதிப்பேர் 'குவளை வியர்க்கிறது' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பாடசாலை ஆசிரியர்கள் அதுவும் இதே கருத்துத்தான் என்று எல்லோருக்கும் புள்ளி போட்டார்கள். இன்னொரு பாடசாலையில் எல்லோருக்கும் பூச்சியம். வியர்வை உள்ளேயிருந்து வருவது. குவளைக்குள் இருக்கிற நீர் வெளியே வரவில்லை. ஆகவே அது பிழை என்பதுதான் லவீனா ரீச்சரின் எண்ணம். ஆனால் அதை அவர் எங்கேயும் எழுதவில்லை. அதைவிட மோசம், 'காத்திலை இருக்கிற தண்ணி குளிர்ந்து கிளாசிலை ஒட்டுது' என்று எழுதிய பிள்ளைக்கு, பேச்சுத்தமிழ் என்று சொல்லிப் பூச்சியம் போட்டிருந்தார்கள். பெற்றோர் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு அதிபர் தொலைபேசியில், "உந்தக் கேள்வியைச் செய்தது ஆர்?" என்று சோமசேகரம் சேரிடம் கத்தினாராம்.

"பாத்தியளே ரீச்சர்," என்றார் சேர், கோபம் இல்லாமல். அந்தக் கோபமின்மைதான் லவீனா ரீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் வீட்டுக்கு வந்து சமைக்காமல் இருந்தார். பிழை தன் பக்கமும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. ஜெபசீலன் கடையில் இடியப்பம் வாங்கி வந்து கொடுத்தார். "விடுமன்," என்றார். ரீச்சர் விடவில்லை.

இந்த வருடம் முதலாம் தவணைக்கும் வினாத்தாள் செய்யத் தானே கேட்டுப் போனார். 'ஏனைய விடைகள்' என்ற பேச்சே இல்லாமல், ஒவ்வொரு கேள்விக்கும் எது சரி, எது சரியில்லை, ஏன் என்று நிரையாக எழுதினார். ஒரு கேள்விக்கு மட்டும் பதினொரு விடை. புள்ளித்திட்டம் ஆறு பக்கம் வந்தது. அச்சாகி வந்தபோது ஒரு பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் விடையை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை வெட்டியிருந்தார்கள்.

"ஒரு பக்கத்துக்குள்ளை அடக்கச் சொல்லி மேலிடத்திலை சொல்லிப்போட்டினம்," என்றார் சோமசேகரம் சேர்.

திருத்தும் சனிக்கிழமை, கோப்பாயில் ஒரு பாடசாலையில் பதினான்கு ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள். லவீனா ரீச்சர் யாரையும் கேட்கவில்லை. வெண்கட்டியை எடுத்து, வெட்டப்பட்ட விடைகள் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பின்னாலே முணுமுணுப்புக் கேட்டது. ஒரு ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்து, "பஸ் போகப்போகுது," என்றார். ரீச்சர் திரும்பிப் பார்க்காமல் எழுதினார்.

மதியத்துக்குப் பிறகு றெஜி என்ற இளம் ஆசிரியர் ஒரு தாளோடு எழும்பினார். "ரீச்சர், இது பலகையிலை இல்லை. ஆனால் சரிபோலை கிடக்கு." வாசித்துக் காட்டினார். வாழையிலையில் நீர் ஏன் ஒட்டுவதில்லை என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை, 'இலைக்கு மேலே மெழுகு மாதிரி ஒன்று இருக்கு, நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. திட்டத்திலோ 'மெழுகுப் படை' என்ற சொல் மட்டும்தான். 'மாதிரி ஒன்று' என்பதை ஏற்கலாமோ இல்லையோ என்று இருபது நிமிடம் தர்க்கப்பட்டார்கள். பஸ்ஸைப் பற்றிப் பேசிய ரீச்சர்தான் கடைசியில் சொன்னார், "சுரண்டிப் பாத்திருக்குது. போடுங்கோ."

புள்ளி போட்டார்கள்.

ஆனால் அன்று தாள்கள் மூன்று இடங்களில் திருத்தப்பட்டன. மற்ற இரண்டு இடங்களிலும் அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் திருத்தினார்கள். அங்கே எத்தனை பிள்ளைகள் என்னென்ன எழுதிப் பூச்சியம் வாங்கியிருக்கும் என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

திங்கட்கிழமை லவீனா ரீச்சர் ஆறு பக்கத்தையும் தன் கைப்பட மறுபடி எழுதி, அந்த இரண்டு இடங்களின் பொறுப்பாளர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வராததால் இரண்டாம் தரமும் அனுப்பினார்; இன்றுவரை பதில் இல்லை. மூன்றாம் தபாலை எழுதிக்கொண்டிருக்கிறார்.