காதுக்கும் கூலி உண்டு

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பிளம்பர், சொந்தத் தொழில் தொடங்குமுன் ஆறு வருடம் நான்கு மாதம் மனைவியின் அண்ணனிடம் வேலை பார்த்தார். அண்ணன் கட்டட ஒப்பந்தக்காரர். வீட்டில் வாய் நிறைய மாப்பிள்ளை என்பவர், வேலையிடத்தில் "ஏய், பைப்பு" என்பார். பதிலுக்கு இவர் "சார்" என்று நிற்க வேண்டும். பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் வெளியே வந்துவிட்டார்.

மனைவி மூன்று மாதம் கெடு கொடுத்தாள். மூன்றாவது மாதம் பழைய சம்பளமான பதினெட்டாயிரம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் மறுபடியும் அண்ணன்தான். போனை எடுப்பதும் விலை சொல்வதும் அவள் பொறுப்பு.

விலையில் கோளாறில்லை. வந்து பார்க்க நூறு, வாஷர் மாற்ற நூற்றைம்பது, அடைப்பெடுக்க நானூறு. கோளாறு மனிதரின் காதில். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சமையலறைக் குழாய்க்குக் கூப்பிட்டிருப்பார்கள். குளியலறையில் ஃப்ளஷ் டேங்க் முனகும். தானே போய் அதையும் சரிசெய்துவிட்டு, காசு கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிடுவார். முதல் பத்து வாரத்தில் போன எழுபத்து மூன்று வீடுகளில் நாற்பத்தொன்றில் இந்தத் தர்மம் நடந்தது. ஒரு முறை எதிர்வீட்டுக் குழாய்க்கும் சேர்த்து.

"நீங்க குழாய் ரிப்பேர் பண்ணப் போறீங்களா, புண்ணியம் சேக்கப் போறீங்களா?" என்று கேட்ட மனைவி, கருவிப் பையில் இரண்டு பஞ்சு உருண்டைகளை வைத்தாள். வீட்டுக்குள் நுழையுமுன் காதில் அடைத்துக்கொள்ள வேண்டும். காசு வாங்கியபின் எடுக்கலாம். சிகிச்சை எட்டு நாள் பலித்தது. ஒரு வீட்டில் இரக்கப்பட்டுக் காதுக்கு மருந்துகூடக் கொடுத்தனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள், ஏற்கெனவே அவரைக் கூப்பிட்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீட்டில் பதினெட்டு நிமிடத்தில் குழாய் மாற்றிவிட்டு வந்தார். சுவருக்குள் ஓர் இணைப்பு சீறிக்கொண்டிருந்தது பஞ்சைத் தாண்டவில்லை. மறுநாள் காலை அது விட்டுக்கொண்டு, பீரோவின் அடித்தட்டு வரை தண்ணீர் ஏறியது.

தலைமையாசிரியை போனில் திட்டவில்லை. "அஞ்சு வீட்டுக்கு உங்க வீட்டுக்காரரை நான்தாம்மா சொல்லிவிட்டேன். கூப்பிடாத கோளாறையும் கண்டுபிடிப்பாருன்னுதான் எல்லாரும் கூப்பிடறாங்க. நேத்து அவருக்கு என்ன வந்துது?"

மனைவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. துடைப்பத்துடன் அவளும் கிளம்பினாள். உடைந்ததை இலவசமாகச் சரிசெய்தபின், பிளம்பர் பஞ்சில்லாத காதோடு வீடு முழுக்க நடந்து, இன்னும் இரண்டு இடங்களைக் காட்டினார். இப்படிக் காட்டுவதற்கு எவ்வளவு என்று தலைமையாசிரியை கேட்டார். அவர் வழக்கம்போல் மென்று விழுங்கினார்.

"எரநூறு," என்றாள் மனைவி. "ரிப்பேர் தனி."

தலைமையாசிரியை பேரம் பேசாமல் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்பதற்கு இருநூறு, எல்லா வீட்டிலும்.

கெடுவின் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு அண்ணன் வந்தார், கையில் மடித்த வேலைச் சட்டையோடு. கணக்கைக் கேட்டார். மனைவி மறைக்கவில்லை: பதினாறாயிரத்து எண்ணூற்று அறுபது. ஆயிரத்து நூற்று நாற்பது குறைந்தது. பிளம்பர் தரையைப் பார்த்தார்.

"அப்போ திங்கக்கிழமை வந்துடுங்க மாப்பிள்ளை. முதல்ல என் பன்னெண்டு வீட்டுக் கட்டடத்தைப் பாருங்க. நாலு பேரை விட்டுச் சுவரை உடைச்சாச்சு, எங்க ஒழுகுதுன்னே தெரியல. குடியிருக்கிறவன் எல்லாம் வாடகை தரமாட்டேங்கிறான்."

மனைவி ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். "வீட்டுக்கு எரநூறு. பன்னெண்டுக்கு ரெண்டாயிரத்து நானூறு. பாதி முன்பணம்."

"எனக்குமா?"

"ஒழுகறது உன் கட்டடம்தானே அண்ணே?"

அண்ணன் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் முதல்முறையாகக் கூச்சப்படாமல் கையை நீட்டினார். ஆயிரத்து இருநூறு எண்ணி வைக்கப்பட்டது. கெடு முடிய இன்னும் ஐந்து மணி நாற்பது நிமிடம் இருந்தது. தேவைக்கு மேல் அறுபது நின்றது. அண்ணன் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.