பாய் விரித்த பந்தயக் கார்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயம்புத்தூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, வண்டி கவுந்துருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டிருக்கேன்ல, அப்ப நல்லாத்தான இருக்கேன்?" என்றாள். அவள் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவள். உண்மையிலேயே ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து, முறுகலாகத் தோசை கேட்டுச் சாப்பிட்டாள். நான்தான் மாவு தீரும்வரை சுட்டுக்கொண்டேயிருந்தேன்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு என் மாமாவிடமிருந்து வந்தது. கோபப்பட வேண்டுமென்றால் அவரிடம்தான் கோபப்பட வேண்டும். அவரோ பந்தயங்களையெல்லாம் விட்டுவிட்டு, பைபாஸ் ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர்கள் முந்திப் போகிற வேகத்தில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரை நினைத்தால் கோபம் வருவதில்லை. அவருக்குப் பெண் பார்க்கப் போன நாள்தான் நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. மாமா அம்மாவின் தம்பி. திண்டுக்கல்லில் தாத்தாவின் லாரிப் பட்டறையில், பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதில் தொடங்கியவர். ஊரில் ஓடுகிற சாதாரணக் கார்களை உள்ளே வழித்து எடுத்துவிட்டு ஓட்டுகிற பந்தயம் ஒன்று உண்டு. அதற்காக ஒரு பழைய காரைக் காயலான் கடை விலைக்கு வாங்கினார். ஓட்டுகிறவரின் இருக்கையைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு மாதிரி பற்றவைத்தார். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ஓட்டிக் கோப்பைகள் வாங்கி வந்தார்.

அந்தக் கோப்பைகளாலேயே வந்த சம்பந்தங்கள் நழுவின. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்ன வீடுகளில் எங்களுக்கு இரண்டாவது காபி கிடைத்ததில்லை. ஆகவே அடுத்து வந்த சேவுகம்பட்டிப் பெண் வீட்டில், பையன் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான் என்று மட்டும் சொல்வதென்று தாத்தா முடிவு செய்தார். மாமா அந்தப் பெண்ணின் போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததால், அவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கென்று வாடகைக் கார் வரவில்லை. முகூர்த்த நாள் என்பதால் வேறு காரும் கிடைக்கவில்லை. நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது. லாரியில் போய்ப் பெண் பார்க்க முடியாது. மிச்சமிருந்தது பந்தயக் கார்தான். அம்மா அதற்குள் பாய் விரித்தாள். கதவில் பெரிதாக எழுதியிருந்த பந்தய எண்ணின் மேல் பழைய காலண்டர் பிள்ளையார் ஒருவரை மைதாப் பசையால் ஒட்டினாள். தாத்தா முன்னால் மாமாவின் பக்கத்திலும், அம்மாவும் பாட்டியும் நானும் பின்னாலும், ஆளுக்கொரு குழாயைப் பிடித்தபடி பாயில் உட்கார்ந்தோம்.

சைலன்சர் இல்லாத வண்டி அது. சத்தம் கேட்காமல் இருக்கவேண்டும் என்று மாமா மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். டவுன் பஸ் எங்களை முந்தியது. கண்டக்டர் வெளியே தலையை நீட்டி, "அப்பு, எறங்கித் தள்ளிவிடவா?" என்று கேட்டார். கோப்பை வாங்கிய கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததே தவிர வேகம் கூடவில்லை. செம்பட்டி வருவதற்குள் பிள்ளையார் காற்றில் பறந்துவிட்டார்.

சேவுகம்பட்டியில் நாங்கள் இறங்குவதற்கு முன்பே தெரு கூடிவிட்டது. பெண்ணின் அப்பா, "என்ன இம்புட்டுச் சத்தம்?" என்றார். சைலன்சர் ரிப்பேருக்குப் போயிருப்பதாகத் தாத்தா சொன்னார். கதவில் இருப்பது பட்டறையின் அடையாள எண் என்றும், குழாய்கள் தேங்காய் ஏற்றுவதற்கு என்றும் கேட்காமலேயே விளக்கினார்.

காபி குடித்தோம். வழியனுப்ப எல்லோரும் வாசலுக்கு வந்தபோது பெண்ணும் வந்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மாமாவை நேராகப் பார்த்தாள்.

"தேங்கா ஏத்தவா இந்தக் குழாயி?"

தாத்தா இருமினார். மாமா அவரைப் பார்க்கவில்லை.

"இல்ல. ரேசுல கவுந்தா ஆளு நசுங்காம இருக்க."

"கவுந்திருக்கா?"

"ரெண்டு தடவ."

"வீட்டுல சொன்னீகளா?"

மாமா தரையைப் பார்த்தார். "சொல்லல. பட்டறைச் செவுத்துல இடிச்சிட்டேன்னு சொன்னேன்."

தாத்தாவின் இருமல் நின்றுவிட்டது. அவர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். கூரையின் ஓரத்தில் தட்டி நிமிர்த்திய பள்ளங்கள் வெயிலில் தெரிந்தன.

"இனிமே ஏதுன்னாலும் நீங்களே மொதல்ல சொல்லணும். அடுத்தவக சொல்லி எனக்குத் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் திட்டிவிட்டுப் போகிறாள், மாமாவின் கல்யாணம் இதோடு முடிந்தது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சிரித்துக்கொண்டே என் வாயைப் பொத்தினாள். பெண்ணின் அப்பா அவள் போன கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க, இன்னொரு காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். வீட்டுக்குள்ளிருந்து டம்ளர் சத்தம் கேட்டது. அந்த வருஷமே அந்தப் பெண் எனக்கு அத்தையானார்.

திரும்பி வரும்போது மாமா ஒளித்து ஓட்டவில்லை. கார் தன் முழுச் சத்தத்தோடு போனது. தாத்தா குழாயைப் பிடித்திருந்த கையை எடுத்து மாமாவின் தோளில் வைத்துக்கொண்டார். பள்ளங்களில் கார் குதித்தபோதெல்லாம் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தார். "தாத்தா, கம்பியப் பிடிங்க, விழுந்துருவீங்க" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. திண்டுக்கல் வந்து சேரும்வரை தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தும் வண்டியில் எதைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும் என்று தெரியாதவராக இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.